புள்ளிகளைக் கணினி பார்த்துக்கொண்டால் போதுமா?

தமிழ்ப்பள்ளிகளில் தேர்ச்சிப் பதிவு மென்பொருள்: பயன் எது, ஆபத்து எது?

ஒரு பிள்ளை படிப்பில் பின்தங்குவது பெற்றோருக்கு எப்போது தெரிய வருகிறது? முன்பு இதற்கு இரண்டு அபாய மணிகள் இருந்தன. 12 வயதில் யுபிஎஸ்ஆர். 15 வயதில் பிஎம்ஆர், அதன் பிறகு பிடி3. இந்தத் தேர்வுகள் பிள்ளைகளுக்குப் பெரும் சுமை என்ற குறை நெடுநாள் இருந்தது. அது பொய்யான குறை அல்ல. ஆனால் பால் மரம் வெட்டப் போன அம்மாவுக்கும், லோரி ஓட்டிய அப்பாவுக்கும், 'பிள்ளை தடுமாறுது, கொஞ்சம் கவனிங்க' என்று வெளியிலிருந்து உறுதியாகச் சொன்னவை அந்த முடிவுகள்தாம்.

கல்வியமைச்சு 2021 ஏப்ரலில் யுபிஎஸ்ஆரையும் 2022 ஜூனில் பிடி3-ஐயும் ரத்து செய்தது. அதன் இடத்தை வகுப்பறை மதிப்பீடும், பள்ளியே திருத்தும் கல்வியாண்டு இறுதித் தேர்வும் எடுத்துக்கொண்டன. வகுப்பறை மதிப்பீட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 6 வரை தேர்ச்சி நிலை தரப்படுகிறது. மூன்றாம் நிலை குறைந்தபட்சத் தேர்ச்சி. ஆண்டு 1-இல் தொடங்கி படிவம் 5 வரை 11 ஆண்டுகள். இந்த 11 ஆண்டுகளில் பிள்ளையின் நிலையைச் சொல்லும் முதன்மைச் சான்று, ஆசிரியர் வைத்திருக்கும் பதிவுதான். அந்தப் பதிவு ஒழுங்காக இல்லாவிட்டால், எஸ்பிஎம் முடிவு வரும்போதுதான் வீட்டுக்கு உண்மை தெரியும். அப்போது திரும்பிப் போக வழி இல்லை.

ஆகவே புள்ளிகளையும் தேர்ச்சி நிலையையும் பதிந்து, கணக்கிட்டு, காட்டும் மென்பொருள் தேவைதானா என்பது கணினிக்காரர்களின் கேள்வி மட்டுமல்ல. பேரா மாநிலத்தில் 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. நாட்டிலேயே இங்குதான் அதிகம். அவற்றில் பல இன்றும் பழைய ரப்பர் தோட்டங்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அங்கே பிள்ளைகளை அனுப்பும் ஒவ்வொரு வீட்டுக்கும் இது சொந்தக் கேள்வி.

கல்வியமைச்சின் ஐடிமீ தளத்தில் மாணவர் விவரங்களும் மதிப்பீட்டு முடிவுகளும் இப்போது பதிவாகின்றன. பெற்றோர் தங்களுக்கெனக் கணக்குத் திறந்து பார்க்க முடியும். இதற்கு மேல் ஆசிரியர்கள் தங்கள் வசதிக்கு எக்செல் கோப்பு வைத்திருப்பதும் வழக்கம். கணினித் துறையில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர், 'நம்ம பள்ளிக்கு ஒரு செயலி செஞ்சு கொடுக்கலாமே' என்று நினைப்பதும் இயல்பே. நல்ல எண்ணம்தான். செய்வதற்கு முன் பயனையும் ஆபத்தையும் எடை போட்டுப் பார்ப்பது நல்லது.

என்ன பயன்?

முதல் பயன், ஏற்ற இறக்கம் தெரிவது. ஒரு வகுப்பில் இரண்டு மாணவர்கள். கடைசிக் கணிதச் சோதனையில் இருவருக்கும் 48 புள்ளி. தேர்ச்சி அறிக்கையில் இருவரும் ஒன்றுதான். ஆனால் ஒருவனின் முந்தைய புள்ளிகள் 64, 56. மற்றவளுடையது 32, 40. அவன் சறுக்கிக்கொண்டிருக்கிறான், அவள் ஏறிக்கொண்டிருக்கிறாள். அவனிடம் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். அவளைத் தட்டிக்கொடுக்க வேண்டும். ஒரே ஓர் எண்ணைப் பார்த்தால் இது தெரியாது. வரிசையாகப் பதிந்து வைத்தால் ஒரே பார்வையில் தெரியும்.

இரண்டாவது, எந்தப் பகுதியில் தடுமாற்றம் என்பது தெரிவது. 18 பேர் உள்ள வகுப்பில் 14 பேர் பின்னக் கணக்கில் மட்டும் விழுகிறார்கள் என்றால், 14 பிள்ளைகளும் மக்கு என்று பொருளல்ல. அந்தப் பாடத்தை இன்னொரு முறை, வேறு விதமாக நடத்த வேண்டும் என்று பொருள். மொத்தப் புள்ளியை மட்டும் எழுதும் பதிவேடு இதைக் காட்டாது. பகுதி பகுதியாகப் பதியும் மென்பொருள் காட்டும். இங்கே பயன் ஆசிரியருக்கு.

மூன்றாவது, பிள்ளையோடு பதிவும் போவது. தோட்டம் விற்கப்பட்டோ, வேலை தேடியோ குடும்பங்கள் இடம் மாறுவது பேராவில் புதிதல்ல. சுங்கை சிப்புட்டில் ஆண்டு 2 வரை படித்த பிள்ளை ஈப்போ புந்தோங்கில் ஆண்டு 3-க்கு வந்து சேர்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த பிள்ளை, யாரையும் தெரியாத இடைநிலைப்பள்ளியில் படிவம் 1-இல் உட்கார்கிறது. புதிய ஆசிரியருக்கு அந்தப் பிள்ளையின் கதை தெரியாது. ஒழுங்கான பதிவு கூடவே போனால், தெரிந்துகொள்வதற்கே ஆறு மாதம் வீணாகாது.

நான்காவது, வருகையையும் புள்ளியையும் சேர்த்துப் பார்ப்பது. திங்கட்கிழமைதோறும் வராத பிள்ளைக்குப் பாடம் புரியவில்லை என்றால், தேவைப்படுவது டியூஷன் அல்ல. பள்ளி வேன் பிரச்சினையாக இருக்கலாம், வீட்டில் நோயாளி இருக்கலாம். தனித்தனிப் புத்தகத்தில் கிடக்கும் இரண்டு தகவல்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால்தான் காரணம் கண்ணில் படும்.

பட்டியல் அல்ல, அதைப் படித்தவர்கள்தாம்

இது உண்மையில் பலன் தந்த இடம் உண்டா? அமெரிக்காவின் சிகாகோ நகரம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே உயர்நிலைப் பள்ளியை முடிக்காமல் பாதியில் நிற்கும் பிள்ளைகள் ஏராளம். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் ஓர் எளிய அளவுகோலை முன்வைத்தார்கள். உயர்நிலைப் பள்ளியின் முதலாண்டில் தேவையான பாடங்களை முடித்து, முக்கியப் பாடங்களில் ஒன்றுக்கு மேல் தோல்வி இல்லாத மாணவர், அப்படி இல்லாதவரைவிட மூன்றரை மடங்கு அதிகமாகப் பள்ளிப்படிப்பை முடிக்கிறார் என்று காட்டினார்கள். பெரிய பொதுத் தேர்வைவிட, அன்றாட வகுப்புப் பதிவே வருங்காலத்தை நன்றாகச் சொன்னது.

பிறகு அந்நகரப் பள்ளிகள் இந்தப் பட்டியலைக் கையில் எடுத்தன. 2007-இல் 57 விழுக்காட்டு மாணவர்கள் சரியான பாதையில் இருந்தார்கள். 2013-இல் அது 82 விழுக்காடு ஆனது. ஆனால் இதைச் செய்தது மென்பொருள் அல்ல. ஆசிரியர்கள் சில வாரங்களுக்கு ஒருமுறை உட்கார்ந்து, பட்டியலில் சிவப்பாகத் தெரிந்த பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார்கள். வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார்கள். விடுபட்ட வேலையைச் செய்து முடிக்க உதவினார்கள். பட்டியல் யாரைக் கூப்பிடுவது என்று மட்டும் சொன்னது.

மென்பொருளை வாங்குவோரும் செய்வோரும் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான். பதிவைப் பார்த்த பிறகு யார் என்ன செய்வார் என்ற பதில் இல்லை என்றால், எவ்வளவு அழகான திரை இருந்தாலும் பயன் இல்லை.

ஆசிரியரின் நேரம்

நம் நாட்டுக்கு இதில் கசப்பான அனுபவம் உண்டு. பள்ளிசார் மதிப்பீடு 2011-இல் ஆண்டு 1-க்கும் 2012-இல் படிவம் 1-க்கும் வந்தது. ஒவ்வொரு மாணவரின் அடைவையும் ஆசிரியர்கள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றார்கள். நாடு முழுவதும் ஒரே நேரத்தில் நுழைந்ததால் தளம் அசையவில்லை. இணையம் காலியாக இருக்கும் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் எழுந்து ஆசிரியர்கள் புள்ளி ஏற்றினார்கள். 2014 தொடக்கத்தில் எதிர்ப்பு வலுத்தது. கல்வியமைச்சு முறையைத் திருத்தி, அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் இணையத்தில் ஏற்றும் சுமையைக் குறைத்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் சுமை புரியும். ஒரு வகுப்பில் 30 பிள்ளைகள், ஒரு பாடத்தில் 20 திறன்கள் என்று வைத்துக்கொண்டால் 600 பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி போனாலும் 100 நிமிடம். அதே ஆசிரியர் மூன்று பாடம் எடுத்தால் ஐந்து மணி நேரம். இணையம் மெதுவாக இருந்தால் இன்னும் கூடும். அந்த ஐந்து மணி நேரம் எங்கிருந்தோ வருவதில்லை. பாடம் தயாரிக்கும் நேரத்திலிருந்தோ, வீட்டுப் பாடம் திருத்தும் நேரத்திலிருந்தோதான் வருகிறது. சிறிய தமிழ்ப்பள்ளியில் ஒரே ஆசிரியர் இரண்டு ஆண்டு மாணவர்களைச் சேர்த்து நடத்துவதும், அலுவலக வேலையைக் கவனிப்பதும் உண்டு. அங்கே இந்தச் சுமை இரட்டிப்பு.

களைத்துப்போன ஆசிரியர் என்ன செய்வார்? எல்லாருக்கும் மூன்றாம் நிலை என்று போட்டுவிட்டு மூடிவிடுவார். திரையில் எல்லாம் பச்சையாகத் தெரியும். படிக்கத் தெரியாத பிள்ளை அந்தப் பச்சைக்குள் மறைந்துபோகும். பதிவே இல்லாததைவிட இது மோசம். ஏனென்றால் பதிவு இல்லாவிட்டால் சந்தேகமாவது மிஞ்சும்.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். அங்குள்ள எமிஸ் தளத்தில் தகவல் ஏற்றும் வேலை, பாடம் நடத்தும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகக் குறை சொல்லி வந்தன.

வாங்கி வைத்து யாரும் தொடாமல் போவதும் நடந்திருக்கிறது. பள்ளிகளுக்கு இணையமும் கற்றல் தளமும் தந்த 1பெஸ்தாரிநெட் திட்டத்தைத் தேசியத் தலைமைக் கணக்காய்வாளர் ஆராய்ந்தார். மாணவர், ஆசிரியர், பெற்றோர் அத்தளத்தைப் பயன்படுத்திய அளவு 0.01 முதல் 4.69 விழுக்காடு வரைதான் என்று 2014-இல் வெளியான அறிக்கை சொன்னது. 2019 ஜூன் இறுதியில் அத்திட்டம் முடிவுக்கு வந்தது. கருவி வாங்குவது எளிது. அதை அன்றாட வேலைக்குள் பொருத்துவதுதான் கடினம்.

நான்கு பிள்ளைகளுக்குச் சராசரி எதற்கு?

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் குறைந்தது பத்துப் பேர் உள்ள தோட்டங்களில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. தோட்டத்துக்கு ஒரு சிறிய பள்ளி என்று தமிழ்ப்பள்ளிகள் பரவியதற்கு அது ஒரு காரணம். இன்று மக்கள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். பள்ளிகள் பல இன்னும் சிறியவையாகவே உள்ளன. 150-க்குக் குறைந்த மாணவர் உள்ள பள்ளி, குறைந்த மாணவர் பள்ளி எனப்படுகிறது. தமிழ்ப்பள்ளிகளில் பெரும் பகுதி இந்த வகை.

சிறிய எண்ணிக்கையில் சராசரியும் விழுக்காடும் ஏமாற்றும். ஆண்டு 6-இல் நான்கு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஏ-க்கு 1, பி-க்கு 2 என்று தொடங்கி இ-க்கு 5 வரை போகும் பள்ளிச் சராசரிக் கணக்கில், நால்வரும் பி எடுத்தால் சராசரி 2.00. காய்ச்சலோடு தேர்வு எழுதிய ஒரு பிள்ளை இ வாங்கினால், சராசரி 2.75-க்குப் போய்விடும். பள்ளி சரிந்துவிட்டது என்று திரை சிவக்கும். இதே ஒரு பிள்ளை 100 பேர் உள்ள பட்டணப் பள்ளியில் இருந்தால் சராசரி 2.03 மட்டுமே. யாரும் கவனிக்கவே மாட்டார்கள். ஒரு பள்ளி மோசம் என்பதற்கும் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதற்கும் வேறுபாடு தெரியாத மென்பொருள், சிறிய பள்ளியின் பெயரைக் கெடுத்துவிடும். பெயர் கெட்டால் பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். எண்ணிக்கை இன்னும் குறையும்.

சின்னக் குழுவில் இன்னொரு சிக்கல், பெயரை மறைத்தாலும் ஆளை மறைக்க முடியாது. 'ஆண்டு 5 மாணவர் ஒருவர் தமிழில் நிலை 1' என்று எழுதினால், ஆண்டு 5-இல் மூவர்தான் என்பது தோட்டம் முழுவதற்கும் தெரியும்.

முத்திரை குத்துவது

பதிவின் நோக்கம் உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டுபிடிப்பது. அதே பதிவு பிள்ளையின் மேல் ஒட்டிக்கொள்ளும் முத்திரையாகவும் மாறலாம். கலிபோர்னியாவில் ஒரு தொடக்கப் பள்ளியில் நடத்திய சோதனையை ரோசெந்தால், ஜேக்கப்சன் என்ற இருவர் 1968-இல் நூலாக வெளியிட்டார்கள். குலுக்கல் முறையில் எடுத்த சில பிள்ளைகளைச் சுட்டி, 'இவர்கள் இந்த ஆண்டு வேகமாக முன்னேறுவார்கள்' என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். கீழ் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறியதாகத் தெரிந்தது. அந்த விளைவு எவ்வளவு பெரியது என்பதில் பின்னாளில் கருத்து வேறுபாடு எழுந்தது. ஆயினும் ஆசிரியரின் எதிர்பார்ப்பு பிள்ளையைத் தொடும் என்பதை அனுபவமுள்ள ஆசிரியர் யாரும் மறுக்க மாட்டார். ஆண்டு 1-இல் போட்ட 'நிலை 1' படிவம் 1 வரை சிவப்பாகத் துரத்தினால், புதிய ஆசிரியர் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே திரையைப் பார்த்து முடிவு செய்துவிடுவார்.

பழைய பதிவைக் கொண்டு வருங்காலத்தைக் கணினியே சொல்லிவிடும் முறை இன்னும் ஆபத்தானது. 2020-இல் பெருந்தொற்றினால் இங்கிலாந்தில் ஏ லெவல் தேர்வு நடக்கவில்லை. ஆசிரியர் தந்த மதிப்பீட்டை, அந்தந்தப் பள்ளியின் முந்தைய ஆண்டு முடிவுகளை வைத்து ஒரு கணக்கு முறை திருத்தியது. ஆசிரியர்கள் தந்த தரங்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு கீழே இறக்கப்பட்டன. பின்தங்கிய பள்ளியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளைக்கு, அந்தப் பள்ளியின் பழைய கதையே தண்டனை ஆனது. நாடெங்கும் கொதிப்பு எழுந்து நான்கே நாளில் அரசு அந்த முறையைக் கைவிட்டது. அண்ணன் எழுதிய தேர்வை வைத்துத் தங்கைக்குத் தரம் போடக் கூடாது என்ற பாடத்தை உலகம் அப்போது கற்றது.

கசிந்தால் திரும்பி வராது

2018 ஜூனில் கல்வியமைச்சின் சாப்ஸ் என்ற தேர்வுப் பகுப்பாய்வுத் தளத்தில் பாதுகாப்புக் குறை இருப்பது அம்பலமானது. மாணவர், பெற்றோர் விவரங்களை வெளியார் எடுக்க முடியும் என்று தெரிந்ததும், அத்தளம் தற்காலிகமாக மூடப்பட்டது. பிள்ளையின் அடையாள அட்டை எண் தெரிந்தால் புள்ளியைப் பார்த்துவிடலாம் என்ற வசதி பெற்றோருக்குப் பிடித்திருந்தது. அந்த எண்ணைத் தெரிந்த வேறு யாருக்கும் அதே வசதி இருந்தது என்பதைப் பலர் நினைக்கவில்லை.

அடையாள எண் சாதாரண எண் அல்ல. முதல் ஆறு இலக்கம் பிறந்த நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பேராவுக்கு 08. கடைசி இலக்கம் ஒற்றையானால் ஆண், இரட்டையானால் பெண். 'ஆண்டு 4 புள்ளிப் பட்டியல்' என்று பெயர், அடையாள எண், பெற்றோரின் தொலைபேசி எண் எல்லாம் உள்ள எக்செல் கோப்பைப் பெற்றோர் புலனக் குழுவில் போடுவது எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்து தெரியும். வங்கி என்றும் போலீஸ் என்றும் பேசி ஏமாற்றும் மோசடிக் கும்பலுக்கு இது கைமேல் பழம். கடவுச்சொல்லை மாற்றலாம், பிறந்த நாளை மாற்ற முடியாது.

பெரிய நிறுவனம் செய்தது என்பதாலும் பாதுகாப்பு வந்துவிடாது. வட அமெரிக்கப் பள்ளிகள் பல பயன்படுத்தும் பவர்ஸ்கூல் என்ற மாணவர் பதிவு மென்பொருளில், திருடப்பட்ட கடவுச்சொல்லை வைத்து 2024 டிசம்பரில் ஊடுருவினார்கள். நிறுவனம் பிணைப்பணமும் கொடுத்தது. தமிழர் நிறைய வாழும் கனடாவின் தொராந்தோ பள்ளி வாரியத்தில் 1985 முதலான மாணவர் விவரங்கள் அதில் இருந்தன. பள்ளி முடித்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையையும் பள்ளிக்கு அனுப்பியவர்களின் விவரம்கூட யாரும் அழிக்காமல் கிடந்தது. தேவை முடிந்த பதிவை அழிக்காமல் வைத்திருப்பது, திருடனுக்காகச் சேர்த்து வைப்பது போலத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் தகவல் கையாளும் தனியாரைக் கட்டுப்படுத்துகிறது. கூட்டரசு, மாநில அரசுகளுக்கு அது பொருந்தாது. 2024-இல் அது திருத்தப்பட்டது. 2025 ஜூன் முதல், தகவல் கசிந்தால் ஆணையருக்கு அறிவிப்பது கடமை. தண்டனையும் பத்து லட்சம் ரிங்கிட் வரை உயர்ந்துள்ளது. ஆகவே கட்டணம் வாங்கிப் பள்ளிக்குச் செயலி விற்கும் நிறுவனம் இந்தக் கடமையை மனத்தில் வைத்தே வேலையில் இறங்க வேண்டும்.

கணக்கு யார் கையில்?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. பால் கொட்டகையில் வாளியை எடை போட்டு, மெட்ரோலாக் கருவியை விட்டு ரப்பர் அளவு பார்த்து, கிராணி எழுதியதே கணக்கு. செக்ரோலில் ஏறிய எண்ணை வைத்துத்தான் சம்பளம். பால் வெட்டியவரால் அந்தப் புத்தகத்தைப் படிக்க முடியாது. தப்பு என்று தோன்றினாலும் திருத்தச் சொல்ல வழி இல்லை. அந்தக் கணக்கில் குறை எடையா, கணக்குப் பார்க்க முடியாமல் போனதா, எது பெரிய அநியாயம் என்று கேட்டால் பலர் இரண்டாவதைத்தான் சொல்வார்கள்.

தேர்ச்சிப் பதிவு மென்பொருளும் இதே இடத்தில்தான் நல்லதாகவோ கெட்டதாகவோ ஆகிறது. பிள்ளையைப் பற்றி எழுதியதைப் பெற்றோர் படிக்க முடிகிறதா? தவறு இருந்தால் திருத்தச் சொல்ல முடிகிறதா? யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பதிவாகிறதா? இந்த மூன்றுக்கும் ஆம் என்றால் அது உதவும் கருவி. இல்லை என்றால் அது இன்னொரு செக்ரோல்.

படிக்க முடிவது என்பதில் கருவியும் அடங்கும். 2020-இல் கல்வியமைச்சு பெற்றோரிடம் எடுத்த கணக்கெடுப்பில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரிந்தது. அதன் பிறகு நிலைமை தேறியிருக்கலாம். ஆனால் ஒரே கைப்பேசியை அப்பா வேலைக்கு எடுத்துப் போகும் வீடுகள் இன்றும் உண்டு. தேசிய மொழியில் நீண்ட வாக்கியம் படிக்கத் தயங்கும் பாட்டிதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார் என்றால், அவருக்கு அந்தத் திரை எட்டாது.

செய்ய நினைக்கும் இளைஞர்களுக்கு

பள்ளிக்குச் செயலி செய்து கொடுக்க முன்வரும் முன்னாள் மாணவர்கள் சிலவற்றைக் கவனித்தால் நல்லது.

முதலில், ஆசிரியர் ஏற்கெனவே அமைச்சின் தளத்தில் ஏற்றுவதை மறுபடியும் ஏற்றச் சொல்லக் கூடாது. ஒரு முறை எழுதினால் இரண்டு இடத்துக்கும் பயன்படும்படி செய்ய வேண்டும். முடியாது என்றால் அந்தச் செயலி தேவையில்லை.

இணையம் இல்லாதபோதும் வேலை செய்து, இணைப்பு கிடைக்கும்போது தானாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரப்பருக்குப் பதில் செம்பனை நிற்கும் உட்புறப் பள்ளிகளில் இணைப்பை நம்பிக் கட்டுவது மணலில் வீடு கட்டுவது.

அடையாள எண்ணைக் கேட்காமலேயே வேலை நடக்க வேண்டும். பள்ளிக்குள் வழங்கும் ஒரு வரிசை எண் போதும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பிறப்புப் பத்திரமோ அடையாள ஆவணமோ இல்லாத இந்தியப் பிள்ளைகள் தோட்டப்புறங்களில் இருக்கிறார்கள். அடையாள எண் கட்டாயம் என்று திரை கேட்டால், வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை பதிவில் இல்லாமல் போகும். உதவி அதிகம் தேவைப்படும் பிள்ளையே கணக்கில் விடுபட்டுவிடும்.

பெயரை மட்டும் நம்பியும் தேடக் கூடாது. லெட்சுமி என்ற பெயரை ரூமி எழுத்தில் நான்கு விதமாக எழுதுவார்கள். குடும்பப் பெயர் என்று ஒன்று தமிழருக்கு இல்லை. அப்பாவின் பெயர்தான் பின்னால் வரும். மேல்நாட்டுப் பாணியில் இரண்டு கட்டம் போட்டால், அண்ணனும் தம்பியும் குழம்பிப் போவார்கள்.

வகுப்பில் எத்தனையாவது இடம் என்று காட்ட வேண்டாம். பிள்ளை தன் பழைய நிலையைவிட எவ்வளவு முன்னேறியது என்று காட்டட்டும். பத்துப் பேருக்குக் குறைந்த குழுவுக்குச் சராசரி காட்டாமல் விடலாம்.

கடைசியாக, செய்தவர் வேலை மாறிச் சிங்கப்பூருக்குப் போய்விட்டால் யார் பார்ப்பது என்பதற்கு முதல் நாளே பதில் வேண்டும். பதிவு முழுவதையும் சாதாரணக் கோப்பாக எடுத்துக்கொள்ளும் வசதி இருந்தால், செயலி நின்றாலும் பள்ளியிடம் தகவல் இருக்கும்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பள்ளியில் புதிய பதிவு முறை வருகிறது என்றால், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இந்த ஐந்தைத் தயங்காமல் கேட்கலாம்.

1. பிள்ளையைப் பற்றி என்னென்ன தகவல் எடுக்கிறீர்கள், எதற்கு?
2. யார் யார் பார்க்க முடியும்? தகவல் எங்கே, யாருடைய பொறுப்பில் இருக்கும்?
3. தவறு இருந்தால் யாரிடம் சொல்லித் திருத்துவது?
4. பிள்ளை பள்ளியை விட்டுப் போன பிறகு எப்போது அழிப்பீர்கள்?
5. பிள்ளை பின்தங்குவது தெரிந்தால், எத்தனை நாளுக்குள் யார் வீட்டோடு பேசுவார்?

ஐந்தாவது கேள்விக்குத் தெளிவான பதில் உள்ள பள்ளியில், மென்பொருள் இல்லாமல் ஒரு நோட்டுப் புத்தகமே போதும். அந்தப் பதில் இல்லாத பள்ளிக்கு எந்த மென்பொருளும் உதவாது. ஐடிமீயில் இன்னும் பெற்றோர் கணக்குத் திறக்காதவர்கள் பள்ளி அலுவலகத்தில் வழி கேட்டுத் திறந்துகொள்ளலாம். ஆண்டுக்கு இரண்டு முறையாவது தேர்ச்சி நிலையைப் பார்த்து, மூன்றுக்குக் கீழே இருந்தால் அந்த வாரமே வகுப்பாசிரியரைச் சந்திப்பது நல்லது. போகும்போது பிள்ளையைத் திட்டிவிட்டுப் போக வேண்டாம். கூடவே அழைத்துப் போகலாம். எந்த இடத்தில் புரியவில்லை என்று அந்தப் பிள்ளையே வாய் திறந்து சொன்னால், அதைவிட நம்பகமான பதிவு வேறில்லை.